ஒற்றை முனை மின்வில் நிலைப்பது எப்படி?

நான் வளர்ந்த ஜெலாப்பாங்கில் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அங்கு வெல்டிங் மின்வில்லுக்கு இரு முனைகள் வேண்டும்: கையில் பிடித்த குச்சி ஒன்று, பற்றவைக்கும் இரும்பு மற்றொன்று. கவ்வியைக் கழற்றினால் வில் அணைந்துவிடும். ஆனால், பிளாஸ்மாவிற்குள் தனித்து நிற்கும் உலோகத் தகட்டில் எந்தக் கம்பியும் இணைக்காமலே மின்வில் எரிவதுண்டு. இதனை 1959இல் ரொப்சன், தோனமன் ஆகிய இருவரும் விளக்கினர். இது நிலைப்பதற்கான மூன்று நிபந்தனைகளைக் காண்போம்.

1. போதிய மின்னழுத்தம்

எலக்ட்ரான்கள் அயனிகளைவிட வேகமானவை. அவை முந்தி வந்து சேர்வதால் தகடு எதிர்மின்னேற்றம் பெறுகிறது. ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் எலக்ட்ரான் வெப்பநிலை 10 எலக்ட்ரான் வோல்ட் எனில், இந்த அழுத்த வேறுபாடு சுமார் 28 வோல்ட். செம்பின்மீது வில் எரியச் சுமார் 20 வோல்ட் தேவை. ஆகவே வில் நிலைக்கும். வெப்பநிலை 3 எனில் கிடைப்பது 8.5 வோல்ட்தான், வில் நிலைக்காது.

2. போதிய பரப்பு

வில் எரியும் புள்ளியிலிருந்து எலக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. உடனே தகட்டின் அழுத்தம் 28இலிருந்து 20 வோல்ட்டுக்கு இறங்குகிறது. அதனால் பிளாஸ்மாவின் வேகமான எலக்ட்ரான்கள் தகட்டின் மற்றப் பகுதிகளில் வந்து விழுகின்றன. சுற்று இவ்வாறே முழுமையடைகிறது. ஒரு கன மீட்டரில் பத்தின் பதினெட்டாம் அடுக்கு எலக்ட்ரான்கள் இருப்பின், சதுர செண்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.65 ஆம்பியர் திரும்பும். எனவே, 10 ஆம்பியர் வில்லுக்குச் சுமார் 15 சதுர செண்டிமீட்டர் பரப்பு வேண்டும்.

3. தொடக்கப் புள்ளி

கூர்முனை, தூசு, ஆக்சைடு படலம் போன்றவை வில்லைத் தூண்டும். ஹீலியம் பிளாஸ்மா பட்ட டங்ஸ்டன்மீது பஞ்சு போன்ற நுண்ணிழைகள் வளரும். அத்தகைய பரப்பில் லேசர் துடிப்பு பட்டதும் வில் மூண்டதை நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டனர்.

இதனால் நமக்கென்ன? அணுக்கரு இணைவு உலையின் சுவரில் வில் எரிந்தால் உலோகம் ஆவியாகிப் பிளாஸ்மாவில் கலக்கும். டங்ஸ்டன் போன்ற கனத்த அணுக்கள் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளியேற்றிப் பிளாஸ்மாவைக் குளிரச் செய்யும், இணைவும் தடைப்படும்.

இத்துறை நமக்குத் தொலைவிலுள்ளதன்று. 1985–86இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங் தலைமையில் உருவான சிறிய பிளாஸ்மா கருவி, வளரும் நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கும் சென்றது. இயற்பியல் பயிலும் தம்பி தங்கைகளே, மேற்கண்ட கணக்கை வேறு வெப்பநிலைகளுக்கும் போட்டுப் பாருங்கள். சுவர் எங்கே தப்பும், எங்கே உருகும் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.