அலை உங்களைச் சுமந்து செல்லுமா?

ஹவாய்த் தீவுகளுள் ஒன்றான ஓஹுவில் வைக்கிக்கி என்றொரு கடற்கரை உண்டு. பலகையின்மீது நின்று அலையில் சறுக்கக் கற்போருக்கு அது பேர்பெற்ற இடம். 1912, 1920 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற டியூக் கஹனமோக்கு வளர்ந்ததும் அங்கேதான்.

புதிதாக வருபவர் ஆழமான இடத்தில் பலகைமேல் படுத்து, அலை தம்மைக் கரைசேர்க்கும் என்று காத்திருப்பார். அலை வரும், பலகை ஏறி இறங்கும், அலை போய்விடும். அவரோ ஏறத்தாழ இருந்த இடத்திலேயே இருப்பார்! குளத்தில் ஒரு தக்கையை மிதக்கவிட்டுச் சற்றுத் தள்ளிக் கல்லெறிந்து பாருங்கள். தக்கை ஆடுமேயன்றி அலையுடன் ஓடாது. பயணம் செய்வது ஆற்றல்; நீர் அன்று. (என் வகுப்பிலும் பாதிப்பேர் இதை முதலில் ஒப்புவதில்லை.)

பின் எங்கே சறுக்குவது? ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தைப் பொறுத்தது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் காணுங்கள். ஆழம் 1.5 மீட்டரானால், வேகம் விநாடிக்குச் சுமார் 3.8 மீட்டர். கரையை நெருங்க நெருங்க அலையின் முன்பகுதி வேகம் குறைகிறது, பின்பகுதி நெருக்குகிறது, அலை உயர்கிறது. அதன் உயரம் ஆழத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கானதும் முகடு முன்னால் சரிகிறது. கையால் துழாவி நாம் பெறும் வேகம் அலையின் வேகத்தில் பாதிகூட இல்லை. ஆனால் செங்குத்தாகிவரும் அலைமுகம் ஒரு சாய்தளம் அல்லவா? மீதி வேகத்தைப் புவியீர்ப்பே தருகிறது. இந்தக் கணத்தில்தான் எழுந்து நிற்கவேண்டும். முழங்காலை மடக்கினால் ஈர்ப்புமையம் தாழும். எடையை மிகவும் முன்னால் வைத்தால் பலகையின் மூக்கு நீரில் குத்தும்.

வைக்கிக்கியின் கடலடி மெல்லச் சரிவதால் அலைகள் நுரைத்து நிதானமாக உடைகின்றன. சரிவு மிகுந்த கரையில் அவை சுருண்டு அறையும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் நிறை ஏறத்தாழ 1,025 கிலோகிராம்! எனவே பலகையை உங்களுக்கும் அலைக்கும் நடுவே ஒருபோதும் பிடிக்காதீர்கள். நம் மெரினாவில் சோதித்துப் பார்க்கவும் இறங்கிவிடாதீர்கள்.

இன்னொன்று. உடைந்த அலைகள் கரையில் குவித்த நீர் எப்படித் திரும்பும்? பெரும்பாலும் ஒடுங்கிய பாதை வழியே, கடலை நோக்கி விரைந்து. அவ்விடத்தில் அலைகள் அதிகம் உடைவதில்லை. ஆகவே அமைதியாகத் தோன்றும்; புதியவர் அதையே தேர்ந்தெடுப்பார். அதில் சிக்கினால் நீரோட்டத்தை எதிர்த்து நீந்தாதீர்கள். பலகையை விடாமல் பிடித்துக்கொண்டு, கரைக்கு இணையாகச் சிறிது தூரம் செல்லுங்கள். நுரை தெரியும் இடம் வந்ததும் கரைப்பக்கம் திரும்புங்கள்.