உணவின் அளவும் தன்மையும்

1782-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய குளிர்காலத்தில், பாரிஸ் நகரில் லவாய்சியர், லாப்லாஸ் என்னும் இரு பேரறிஞர்கள் விந்தையான சோதனை ஒன்றை நிகழ்த்தினர். பனிக்கட்டி சூழ்ந்த ஒரு கலத்தினுள் கினிப்பன்றி என்னும் சிறு பிராணியை அவர்கள் அடைத்து வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் பனி உருகி நீராய் வடிந்தது. அந்நீரை நிறுத்துப் பார்த்து, பிராணி வெளியிட்ட வெப்பம் எவ்வளவு என்று கணித்தனர். அது விட்ட மூச்சில் இருந்த கரியமில வாயுவையும் அளந்து, அதே அளவு வாயு உண்டாகுமாறு கரியை எரித்தால் எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்றும் கண்டனர். இரண்டு கணக்குகளும் ஏறக்குறைய ஒத்து வந்தன. அடுப்பில் விறகு எரிவது போலவே உடலினுள் உணவும், சுடர் இன்றி, மெல்ல எரிகின்றது என்னும் கருத்து அன்று வேரூன்றியது.

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழிந்தபின், அமெரிக்க நாட்டின் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்னும் ஊரில் அட்வாட்டர் என்னும் இரசாயனப் பேராசிரியர் இக்கருத்தை மனிதரிடத்திலேயே சோதிக்கத் துணிந்தார். ரோசா என்னும் பௌதிக அறிஞர் அவருக்குத் துணை நின்றார். ஓர் ஆள் இருக்கவும் படுக்கவும் மட்டுமே இடங்கொள்ளும் சிற்றறை ஒன்றை 1890-களில் அவர்கள் அமைத்தனர். அதனுள் புகுந்தவர் பல நாள் வெளியே வருவதில்லை. உணவு ஒரு சிறு திறப்பின் வழியே உள்ளே சென்றது. குழாய்களில் ஓடிய நீர் அறையின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வெளியேறியது. அந்நீரின் சூடு எத்துணை உயர்ந்தது என்பதை வெப்பமானிகள் காட்டின. உள்ளிருந்தவர் சில நாள் ஓய்ந்திருந்தார். சில நாள் அங்கே பொருத்தப்பெற்ற மிதிவண்டியை மிதித்தார். உண்டதன் ஆற்றலும் உடல் செலவிட்ட ஆற்றலும் வியத்தகு முறையில் சரியாயின.

ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு சென்டிகிரேடு பாகை உயர்த்த வேண்டும் வெப்பத்தையே உணவு நூலார் கலோரி என்பர். ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் மாவுப்பொருள் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும் என்று அட்வாட்டர் வகுத்தார். இன்று உணவுப் பொட்டலங்களின்மேல் அச்சிடப்பெறும் எண்கள் பெரும்பாலும் அவர் வகுத்த கணக்கின் வழி வந்தவையே. 1918-ஆம் ஆண்டில் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் அமெரிக்கப் பெண் மருத்துவர் இக்கணக்கைப் பொதுமக்களுக்கு எளிய நூலாக எழுதினார். உடல் இளைக்க விரும்புவோர் உணவைப் பெயரால் எண்ணாது கலோரியால் எண்ணப் பழக வேண்டும் என்பது அவர் காட்டிய வழி. அந்நூல் மிகப் பரவிற்று.

செலவுக்குமேல் வரவு மிகுந்தால் உடல் பருக்கும், குறைந்தால் இளைக்கும். இது பொய்யாத விதி. இதற்குச் சான்று வேண்டுவோர்க்கு மார்க் ஹாப் என்னும் பேராசிரியரின் செயலைக் கூறலாம். அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்தில் உணவியல் கற்பித்த இவர், 2010-ஆம் ஆண்டில் பத்து வாரம், கிரீம் அடைத்த கேக்குகளையும் அவை போன்ற தின்பண்டங்களையும் பெரும்பகுதி உணவாகக் கொண்டார். ஆயினும் நாளொன்றுக்கு 1,800 கலோரிக்கு மேற்படாதவாறு எண்ணி உண்டார். அவர் எடை 27 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 12 கிலோகிராம், குறைந்தது. அவர் இதனைப் பிறர்க்குரிய வழியாகச் சொல்லவில்லை என்பதையும் கூறல் வேண்டும். எண்ணிக்கை ஒன்றே போதும், உணவின் தன்மை எதுவாயினும் ஆகுக என்று வாதிடுவோர் இச்செய்தியை விரும்பி எடுத்துக்காட்டுவர்.

அவர்கள் மறந்துவிடுவது ஒன்றுண்டு. எழுதிய எண் வேறு. உடல் பெறும் எண் வேறு. வாதுமைப் பருப்பை எடுத்துக்கொள்வோம். 28 கிராம் வாதுமைப் பருப்பில் ஏறத்தாழ 170 கலோரி உண்டு என்று பழைய கணக்குக் கூறும். அமெரிக்க வேளாண்மைத் துறையினர் அதனைச் சிலர்க்கு உண்ணக் கொடுத்து, உடல் ஏற்காது கழித்த பகுதியையும் அளந்து, 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, உடலுக்குக் கிட்டியது 129 கலோரியே. பருப்பின் நுண்ணறைகளுக்குள் கொழுப்பு சிறைப்பட்டுள்ளது. பல் எவ்வளவு மென்றாலும் அந்நுண்ணறைகள் யாவும் உடைவதில்லை. 2016-ஆம் ஆண்டில் அதே பருப்பை வெண்ணெய் போல அரைத்துக் கொடுத்தபோது, பழைய கணக்கு முழுமையும் உடலில் சேர்ந்தது. பருப்பு ஒன்றே, ஆலைக்கல் பல்லின் வேலையைச் செய்துவிட்டமையால் வரவு மாறிற்று.

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகர மருத்துவர் சிலர் 1977-ஆம் ஆண்டில் ஆப்பிள் பழத்தைக் கொண்டு வேறொன்று கண்டனர். பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுப்பழமாகவும், கூழாகவும், சாறாகவும் வெவ்வேறு வேளைகளில் கொடுத்தனர். சர்க்கரையின் அளவு மூன்றிலும் ஒன்றே. சாற்றை, முழுப்பழத்தைவிடப் பதினொரு மடங்கு விரைவாக அருந்தி முடிக்க முடிந்தது. ஆனால் வயிறு நிறைந்த உணர்வு முழுப்பழத்தால் மிகுந்தும், கூழால் குறைந்தும், சாற்றால் இன்னும் குறைந்தும் தோன்றியது. சாறு அருந்தியவர்களின் இரத்தத்தில் சர்க்கரை ஏறிப் பின்பு வழக்கத்திற்கும் கீழே இறங்கிற்று. கலோரி அட்டவணைக்கு இவ்வேறுபாடு தெரியாது; பசிக்குத் தெரியும்.

இவற்றினும் தெளிவான சோதனை 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்பவரும் அவர் துணைவரும் மேரிலாந்து மாநிலத்துப் பெதஸ்டாவில் அதனை நடத்தினர். ஆடவர் பதின்மரும் பெண்டிர் பதின்மரும் நான்கு வாரம் மருத்துவமனையிலேயே தங்கினர். இரு வாரம் அவர்களுக்கு ஆலைகளில் பெரிதும் பதப்படுத்தப்பெற்ற உணவு அளிக்கப்பட்டது: இனிப்பிட்ட தானியச் செதில்கள், டப்பியில் அடைத்த பண்டங்கள், பொரித்து உறையவைத்த கோழித் துண்டுகள் போன்றவை. மற்ற இரு வாரம் ஓட்ஸ் கஞ்சி, தயிர், பழம், காய்கறி, சுட்ட இறைச்சி, உருளைக்கிழங்கு முதலியவை சமைத்து வழங்கப்பட்டன. சிலர் முன்னதை முதலிலும், சிலர் பின்னதை முதலிலும் உண்டனர். பரிமாறப்பெற்ற தட்டுகளில் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ப்பொருள் ஆகிய யாவும் இரு வகையிலும் சமமாக அமைக்கப்பட்டிருந்தன. ஆலை உணவில் நார்ப்பொருள் மிகக் குறைவாதலின், அதனைப் பானத்தில் கலந்து ஈடுசெய்ய நேர்ந்தது! வேண்டிய மட்டும் உண்ணலாம், வேண்டாததை விட்டுவிடலாம். ஒருவரும் எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை.

சத்துகள் சமமானால் உண்ணும் அளவும் சமமாகவே இருக்கும் என்றுதான் ஹால் எதிர்பார்த்திருந்தார். நிகழ்ந்ததோ வேறு. ஆலை உணவை உண்ட நாள்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சராசரி 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரு வாரத்தில் எடை 0.9 கிலோகிராம் ஏறியது. சமைத்த உணவை உண்ட இரு வாரத்தில், குறைக்கும் எண்ணம் சிறிதும் இன்றியே, 0.9 கிலோகிராம் குறைந்தது. ஆலை உணவு நாவுக்கு மிக இனித்ததால் மிகுதியாக உண்டனர் போலும் என்று ஒருவர் ஐயுறக்கூடும். அவ்வாறும் இல்லை, இரண்டும் ஒத்த சுவையுடையன என்றே அவர்கள் கூறினர். ஆலை உணவு மென்மையானது. அதனை அவர்கள் விரைவாக உண்டனர். பானத்தை நீக்கிப் பார்த்தால், அதன் ஒவ்வொரு வாயிலும் கலோரி செறிந்திருந்தது. 'போதும்' என்னும் செய்தி வந்து சேருமுன்பே தட்டு காலியாயிற்று எனலாம்.

இருபது பேர், ஒரு திங்கள்: இது சிறிய சோதனையே. எனினும் பழைய வழக்கிற்கு இது நல்ல விடை தருகின்றது. கலோரி விதி இங்கே முறியவில்லை; மிகுதியாக உண்டவரே பருத்தனர். ஆனால் அவர்களை மிகுதியாக உண்ணச் செய்தது உணவின் தன்மை. ஹாப் ஒவ்வொரு வாயையும் எண்ணி, பசி கேட்டதை மறுத்து, பத்து வாரம் தம்மைக் காத்துக்கொண்டார். வாழ்நாள் முழுதும் அவ்வாறு எண்ணிக்கொண்டிருப்பவர் எத்தனை பேர்? எண்ணும் கை தளர்ந்த அன்றே பசியின் ஆட்சி தொடங்கிவிடும். அப்பசியை அடக்குவதோ கிளறுவதோ உணவின் தன்மையைப் பொறுத்தது.

அட்வாட்டர் காலத்தில் வைட்டமின்கள் அறியப்படவில்லை. குறைந்த விலைக்கு நிறைந்த கலோரி என்பதே அவர் நோக்கம். ஆகவே, கூலியாட்கள் கீரைக்கும் பழத்திற்கும் பணத்தைச் செலவிடாமல் மாவும் அவரை விதையும் போன்றவற்றை வாங்குவதே நன்று என்று அவர் கருதினார். ஏழைகளின்மேல் கொண்ட பரிவே அவரை அவ்வாறு சொல்லச் செய்தது. பெதஸ்டா ஆராய்ச்சியாளரும் விலையைக் கணக்கிட்டனர். நாளொன்றுக்கு 2,000 கலோரி என்னும் அளவில் ஒருவர்க்கு ஒரு வார உணவு ஆக்க, ஆலை உணவுக்கு 106 டாலரும், சமைத்த உணவுக்கு 151 டாலரும் ஆயின. சமைத்தவர்கள் செலவிட்ட நேரம் இக்கணக்கில் சேரவில்லை.