காத்து நிற்காமல் சர்வரில் உள்ள ஆப்ஜெக்டை அழைக்க

பைத்தானில் ட்விஸ்டட் பழகுகிறவர்கள் சாதாரண டிசிபி நிரல்களைச் சிரமமில்லாமல் எழுதிவிடுகிறார்கள். சர்வரில் உள்ள ஆப்ஜெக்டின் மெத்தடைக் கிளையன்ட்டிலிருந்து அழைக்க உதவும் பெர்ஸ்பெக்டிவ் புரோக்கருக்கு (பிபி) வந்ததும் தடுமாறுகிறார்கள். சர்வர் ஓடுகிறது, கிளையன்ட் இணைந்தும் விடுகிறது, கேட்ட விடை மட்டும் வருவதில்லை. பிழைச்செய்தியும் இல்லை. கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இருக்கும். அந்த இடத்தில் நின்று பேசுகிறேன். மற்றதை வேகமாகக் கடந்துவிடலாம்.

ஒரு புத்தகக் கிடங்கு என்று வைத்துக்கொள்வோம். இருப்புக் கணக்கு சர்வரில் ஓர் ஆப்ஜெக்டாக இருக்கிறது. கிளையன்ட் புத்தக எண்ணைக் கொடுத்தால், எத்தனை பிரதி இருக்கிறது என்று அது சொல்ல வேண்டும்.

சர்வர் வேலை சுலபம். 'பிபி.ரூட்' வகுப்பிலிருந்து உங்கள் வகுப்பை எழுதுங்கள். வெளியிலிருந்து அழைக்க வேண்டிய மெத்தடுக்கு 'ரிமோட்_ஸ்டாக்' என்று பெயர் வையுங்கள். 'பிபி சர்வர் ஃபேக்டரி'யிடம் அதைக் கொடுத்து 8787 போர்ட்டில் கேட்கவிடுங்கள். 'ரிமோட்_' என்ற முன்னொட்டு இல்லாத மெத்தடை வெளியிலிருந்து எவராலும் தொட முடியாது, பாதுகாப்புக்காகவே அப்படி. கிளையன்ட்டில் அழைக்கும்போது முன்னொட்டை விட்டு 'ஸ்டாக்' என்று மட்டும் எழுத வேண்டும். முன்னொட்டோடு அழைத்தால் அப்படி ஒரு மெத்தடே இல்லை என்று பதில் வரும்.

கிளையன்ட்டில் மூன்று வரி. 'பிபி கிளையன்ட் ஃபேக்டரி' ஒன்றை உருவாக்குங்கள், ரியாக்டரின் 'கனெக்ட் டிசிபி'யிடம் கொடுங்கள், ஃபேக்டரியிடம் 'கெட் ரூட் ஆப்ஜெக்ட்' கேளுங்கள். கடைசி இரண்டில் எது முதலில் என்று கவலை வேண்டாம். ரியாக்டர் ஓடத் தொடங்கும்வரை எந்த இணைப்பும் நடக்காது. கேட்ட கோரிக்கை ஃபேக்டரியிடம் வரிசையில் காத்திருக்கும். டிசிபி இணைந்த பிறகும் இரு பக்கமும் எந்த வகை நெறிமுறை, எந்தப் பதிப்பு என்று பேசி முடித்தால்தான் ரூட் ஆப்ஜெக்ட் கைக்கு வரும். ஆகவே, இணைப்பு கிடைத்ததும் ஆப்ஜெக்ட் கிடைத்ததும் ஒன்றல்ல.

இனிதான் சிக்கல். 'கெட் ரூட் ஆப்ஜெக்ட்' திருப்பித் தருவது ஆப்ஜெக்டை அல்ல, ஒரு டெஃபர்ட்டை. அது தையற்கடை ரசீது மாதிரி. துணி பின்னால் வரும். ரசீதைப் போட்டுக்கொள்ள முடியாது. அதன்மேல் நேராக 'கால் ரிமோட்' அழைத்தால் அப்படி ஒரு பண்பே இல்லை என்று பைத்தான் கத்தும். கத்துகிற பிழையைப் பற்றிப் பயமில்லை, உடனே திருத்திவிடலாம்.

கத்தாத பிழை இரண்டு உண்டு. முதலாவது, 'ரிட்டர்ன்' விடுபடுவது. ரூட் வந்ததும் இயங்கும் கால்பேக்குக்குள் 'கால் ரிமோட்' அழைக்கிறோம். அதுவும் இன்னொரு டெஃபர்ட்டைத்தான் தருகிறது. அதை 'ரிட்டர்ன்' செய்தால், உள்ளே இருப்பதன் விடை வரும்வரை வெளிச் சங்கிலி தானாகக் காத்திருந்து, விடையை அடுத்த கால்பேக்குக்குக் கொடுக்கும். 'ரிட்டர்ன்' எழுத மறந்தால் அடுத்த கால்பேக்குக்கு 'நன்' போய்ச் சேரும். அழைப்பு சர்வரில் நடந்திருக்கும், விடையும் திரும்பியிருக்கும், அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இருக்காது. உள் அழைப்பு தோற்றால் வெளியே வைத்த பிழைக் கையாளிக்கு அதுவும் தெரியாது. விடை 'நன்' என்று வந்தால் வலைப்பின்னலைச் சந்தேகிக்கும் முன் 'ரிட்டர்ன்' இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, 'ஆட் கால்பேக்ஸ்' என்று வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரே வரியில் இரண்டு ஃபங்ஷன் கொடுப்பது. அந்த இரண்டும் பக்கவாட்டில் நிற்பவை. வெற்றி ஃபங்ஷனுக்குள்ளேயே பிழை எழுந்தால் பக்கத்தில் நிற்கும் எர்பேக், அதாவது தோல்வி ஃபங்ஷன், அதைப் பிடிக்காது. சங்கிலியில் அடுத்து இருப்பதுதான் பிடிக்கும். அடுத்து எதுவும் இல்லையென்றால், டெஃபர்ட் நினைவகத்திலிருந்து நீங்கும்போதுதான் பதிவேட்டில் ஒரு வரி வரும். சில நேரம் அது நிரல் முடிகிற நேரமாகவே இருக்கும். ஆகவே என் நிரல்களில் எந்தச் சங்கிலியும் 'ஆட் எர்பேக்' இல்லாமல் முடியாது, அதில் குறைந்தது 'லாக்.எர்' இருக்கும். இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள்.

புதிய பழக்கத்தில் வரும் கண்ணி ஒன்றும் இருக்கிறது. 'கனெக்ட் டிசிபி'க்குப் பதில் எண்ட்பாயின்ட் பயன்படுத்தினால், இணைப்பு மறுக்கப்பட்ட செய்தி எண்ட்பாயின்ட் தந்த டெஃபர்ட்டுக்குத்தான் போகும்; ஃபேக்டரிக்குப் போகாது. 'கெட் ரூட் ஆப்ஜெக்ட்' கேட்ட டெஃபர்ட் வெற்றியும் இன்றித் தோல்வியும் இன்றித் தொங்கிக்கொண்டிருக்கும். எண்ட்பாயின்ட் வேண்டுமென்றால் முதலில் அதன் டெஃபர்ட்டுக்குக் காத்திருங்கள், பிறகு ரூட் கேளுங்கள்.

காலக்கெடு வையுங்கள். 'கனெக்ட் டிசிபி'க்கு இயல்பாகவே 30 விநாடிக் கெடு உண்டு. 'கால் ரிமோட்'டுக்கு எதுவும் கிடையாது. ட்விஸ்டட் 16.5 முதல் டெஃபர்ட்டிலேயே 'ஆட் டைம்அவுட்' இருக்கிறது. விநாடியையும் ரியாக்டரையும் கொடுத்தால் போதும். ஆனால் கெடு முடிந்தால் நிற்பது உங்கள் காத்திருப்புதான், சர்வரில் நடக்கும் வேலை நிற்காது. இருப்பைப் படிக்கும் அழைப்பைத் தயங்காமல் மறுபடி அனுப்பலாம். இருப்பைக் குறைக்கும் அழைப்பை அப்படி அனுப்பினால் இரண்டு முறை குறைந்துவிடக்கூடும்.

இணைப்பு நடுவில் அறுந்தால் இரண்டு முகம். விடைக்காகக் காத்திருந்த அழைப்புகள் 'பிபி கனெக்‌ஷன் லாஸ்ட்' என்று எர்பேக் வழியே வரும். அறுந்த பிறகு பழைய ரூட்டைப் பிடித்துக்கொண்டு புதிதாக அழைத்தால் 'டெட் ரெஃபரன்ஸ் எரர்' அந்த வரியிலேயே எழும், எர்பேக்குக்குப் போகாது. கால்பேக்குக்கு வெளியே அழைக்கிறீர்கள் என்றால் 'டிரை' போட்டுப் பிடிக்க வேண்டும்.

'டைம்.ஸ்லீப்' போன்றவற்றை ரியாக்டர் ஓடும் இழையில் வைக்காதீர்கள். அது தூங்கும்வரை எல்லா இணைப்பும் தூங்கும். நீளமான வேலையை 'டெஃபர் டு த்ரெட்' மூலம் அனுப்புங்கள். அந்த இழையிலிருந்து 'கால் ரிமோட்' அழைக்க வேண்டுமானால் 'கால் ஃபிரம் த்ரெட்' வழியே மட்டும்.

இவ்வளவும் புரிந்த பிறகு 'அசிங்க்', 'அவெய்ட்'டுக்கு மாறிவிடுங்கள். ரூட்டுக்கு ஓர் அவெய்ட், 'கால் ரிமோட்'டுக்கு ஓர் அவெய்ட், சுற்றி ஒரு 'டிரை'. 'ரிட்டர்ன்' மறக்கும் பிரச்சினை அதோடு போகும். அதை 'என்ஷூர் டெஃபர்ட்'டில் பொதிந்து திருப்பித் தரும் ஃபங்ஷனை 'டாஸ்க்.ரியாக்ட்'டிடம் கொடுத்தால் ரியாக்டரைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் அதுவே பார்த்துக்கொள்ளும், 'ரியாக்டர்.ஸ்டாப்'பை அங்கங்கே தூவ வேண்டியதில்லை. ஆனால் ஒருமுறையாவது சங்கிலியைக் கையால் எழுதிப் பாருங்கள். அவெய்ட் மறந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் பிடிபடும்.

எண், எழுத்துச்சரம், பட்டியல், அகராதி எல்லாம் தாராளமாக இரு பக்கமும் போகும். நீங்களே எழுதிய வகுப்பின் ஆப்ஜெக்டை அனுப்பினால் 'இன்செக்யூர் ஜெல்லி' என்று மறுக்கும். அதை 'பிபி.காப்பியபிள்' ஆக்கி, மறுபக்கம் பதிவு செய்தால்தான் ஏற்கும். முடிந்தவரை எளிய வகைகளையே அனுப்புங்கள்.

கடைசியாக, பெர்ஸ்பெக்டிவ் புரோக்கர் தானாக எதையும் மறைகுறியாக்குவதில்லை. 8787-ஐப் பொது இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெளியே போகத்தான் வேண்டுமென்றால் டிஎல்எஸ் போட்டு, 'கெட் ரூட் ஆப்ஜெக்ட்'டுக்குப் பதில் 'லாகின்' பயன்படுத்துங்கள்.