கொட்டித் தீர்த்தால் ஆறிவிடுமா?

சுனாமி, நிலநடுக்கம், குண்டுவெடிப்பு, கலவரம், போர் ஆகியவற்றில் உயிர்தப்பியவர்களின் மனநலம் பற்றி உலவும் நம்பிக்கைகளில் ஒன்று மிகவும் விடாப்பிடியானது. நடந்ததை முதல் சில நாள்களுக்குள்ளேயே வாய்விட்டுச் சொல்ல வைத்துவிட வேண்டும், அடக்கி வைத்தால் அது உள்ளேயே புரையோடிப் பின்னாளில் புத்தியைப் பேதலிக்கச் செய்துவிடும் என்பதே அது. ஒவ்வொரு பேரழிவுக்குப் பிறகும் இது புதிதாகக் கிளம்புகிறது. தொண்டர் குழுக்கள் இதை நம்பித்தான் முகாமுக்கு வண்டி ஏறுகின்றன. கல்லூரி மாணவர்களுக்கு அரைநாள் பயிற்சி கொடுத்து அனுப்பும்போதும் ‘பேச வையுங்கள், அழ வையுங்கள்’ என்பதே பாடம். இது தவறு. தவறு என்று தெரிந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நிறுத்த மனம் வரவில்லை.

இதற்கு ஒரு பிறப்பிடம் உண்டு. 1983இல் அமெரிக்காவின் ஜெஃப்ரி மிட்செல், தீயணைப்பு வீரர்கள், ஆம்புலன்ஸ் பணியாளர்கள் போன்றோருக்காகக் குழு உரையாடல் முறை ஒன்றை வகுத்தார். கோரமான சம்பவத்தைக் கையாண்டு திரும்பியவர்கள் ஓரிரு நாள்களுக்குள் வட்டமாக உட்கார்ந்து, என்ன நடந்தது, அப்போது மனதில் என்ன ஓடியது, எது மிக மோசமாக இருந்தது என்று படிப்படியாகப் பேசி முடிப்பார்கள். அது பயிற்சி பெற்ற, ஒன்றாக வேலை பார்க்கிற, பணி முடிந்தால் திரும்பிப் போக வீடு இருக்கிற ஆட்களுக்கான ஏற்பாடு. அதை அப்படியே தூக்கிக்கொண்டுபோய், பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் தீக்காயத்தோடு கட்டிலில் கிடப்பவரிடமும் நடத்தத் தொடங்கினார்கள்.

அளந்து பார்த்தபோது விளைவு வேறாக இருந்தது. 1997இல் பிரிட்டனில் ஜொனாதன் பிஸ்ஸனும் சக ஆய்வாளர்களும், தீக்காயத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மட்டும் இப்படிப் பேச வைத்தார்கள். 13 மாதங்கள் கழித்துப் பார்த்தால், பேச வைக்கப்பட்டவர்களில் 26 விழுக்காட்டினருக்குப் பி.டி.எஸ்.டி. எனப்படும் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 விழுக்காட்டினருக்குத்தான் இருந்தது. முதல் பிரிவினரின் காயங்கள் சற்றுக் கடுமையானவை என்பதால் இந்த ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது. ஆனால், ஆக்ஸ்ஃபோர்டில் சாலை விபத்தில் சிக்கியவர்களை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2000இல் வெளியான ஆய்வும் இதையே சொன்னது. தொடக்கத்தில் அதிகம் கலங்கிப் போயிருந்தவர்களில், பேச வைக்கப்படாதவர்கள் தாமாகவே தேறினார்கள். பேச வைக்கப்பட்டவர்கள் மூன்றாண்டுகளுக்குப் பிறகும் தேறவில்லை. இத்தகைய ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு, கட்டாயப் பேச்சு அமர்வுகளை நிறுத்திவிட வேண்டும் என்று 2002இல் பரிந்துரைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் அதுவே.

ஏன் இப்படி ஆகிறது? ஆபத்து நீங்கிய முதல் நாள்களிலும் உடல் தப்பி ஓடும் நிலையிலேயே இருக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் பிடிப்பதில்லை, கதவு சாத்தும் சத்தத்துக்கே தூக்கிவாரிப் போடுகிறது. அந்த நேரத்தில் காட்சியை மறுபடி மறுபடி கண்முன் வரவழைத்தால் நினைவு இன்னும் ஆழமாகப் பதியக்கூடும் என்பது ஒரு விளக்கம். வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர், தான் பார்க்காத கோரங்களையும் அடுத்தவர் வாயால் கேட்டுச் சுமந்து போகிறார் என்பது இன்னொன்று. இவற்றோடு சாதாரண அறிவுக்கே எட்டும் ஒன்றும் உண்டு. அன்றிரவு பிள்ளைகளுக்குச் சோறு வாங்க வரிசையில் நிற்க வேண்டிய ஒரு பெண் மனதை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டு மாலை வண்டியில் ஊருக்குத் திரும்பிவிடுகிறவருக்கு, இரவை அந்தப் பெண் எப்படிக் கழித்தார் என்பது தெரியப்போவதில்லை. காலையில் ஒரு குழு, மாலையில் ஒரு குழு என்று வந்து, ஒரே குழந்தையிடம் ‘அலையை வரைந்து காட்டு’ என்று வண்ணப் பென்சிலை நீட்டுவதும் இதே வகைதான். அதைச் சேவை என்று சொல்லிக்கொள்வதை ஏற்க முடியாது.

ஒப்பாரியைச் சிலர் சான்றாகக் காட்டுவார்கள். நம் பாட்டிமார் அழுதுதானே ஆற்றினார்கள் என்பது வாதம். ஒப்பாரி வைப்பவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அவர் அழுவது தன் உறவுகளின் நடுவே, தனக்குத் தோன்றிய நேரத்தில். தோளைக் கட்டிக்கொண்டு கூட அழுகிறவர்கள் மறுநாளும் வருவார்கள், பதினாறாம் நாளும் வருவார்கள். குறிப்பேட்டோடு வரும் முன்பின் அறியாத ஆளிடம் பேசுவதை இதற்கு ஈடாகச் சொல்வது ஒப்பாரியையும் அறியாத பேச்சு. பேச விரும்புகிறவரின் வாயை அடைக்க வேண்டும் என்பதும் இங்கே பொருளில்லை. பேசினால் கேட்பதும், பேசாவிட்டால் பக்கத்தில் இருப்பதுமே முறை.

நோயாக முற்றியவர்களுக்கு, நடந்ததைக் கோவையாகச் சொல்ல வைக்கும் சிகிச்சைகள் உண்டு. அவை பலன் தருகின்றன. பயிற்சி பெற்றவர்கள், நோயைக் கண்டறிந்த பிறகு, பல அமர்வுகளாக நடத்துபவை அவை. 2004 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் வடகிழக்கில், போரையும் அலையையும் சேர்த்தே கண்ட 31 குழந்தைகளுக்கு, உள்ளூரிலேயே பயிற்றுவிக்கப்பட்டவர்கள் ஆறு ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு பிரிவினர் தம் கதையைச் சொன்னார்கள். மறு பிரிவினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதங்களில் முதல் பிரிவில் 81 விழுக்காட்டினரும், இரண்டாவதில் 71 விழுக்காட்டினரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். சிறிய ஆய்வுதான். ஆனாலும், வாய்விட்டுச் சொல்லாதவர்களிலும் பெரும்பாலோர் மீண்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அப்படியானால் முதல் வாரத்தில் செய்ய வேண்டியது என்ன? 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதை மூன்று சொற்களில் அடக்குகிறது: பார், கேள், இணை. முகாமாகிவிட்ட ஒரு கல்யாண மண்டபத்தில் இது எப்படி இருக்கும்? தொண்டர் பக்கத்தில் தரையில் உட்காருகிறார். தன் பெயரைச் சொல்கிறார். “சாப்பிட்டீங்களாம்மா? யாரையாவது தேடுறீங்களா?” என்று கேட்கிறார். அலை வந்தபோது எங்கே இருந்தீர்கள் என்று கேட்பதில்லை. தேடும் ஆளின் பெயரை, எந்த மருத்துவமனையில், எந்த முகாமில் பட்டியல் வைத்திருக்கிறார்களோ அங்கே கொண்டுபோய்ச் சரிபார்த்துத் திரும்பி வந்து சொல்கிறார்; கிடைக்கவில்லை என்றாலும் வந்து சொல்கிறார். தொலைந்த ரேஷன் கார்டுக்கு எங்கே மனு கொடுப்பது, பெண்களுக்கான கழிப்பறையில் விளக்கும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா, போன் சார்ஜ் ஏற்ற வழி உண்டா என்று பார்க்கிறார். ‘நீங்களாவது பிழைச்சீங்களே’, ‘எல்லாம் கடவுள் சித்தம்’ போன்ற பேச்சுகள் அவர் வாயில் வருவதில்லை. இதற்கு மனநல மருத்துவர் தேவையில்லை. ஆனால் பொறுமை தேவை, மறுநாளும் வர வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. தப்பிய எல்லோருக்கும் மனநோய் வரும் என்பது பொய். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஒரு மாதம் கழித்து மன்ஹாட்டன்வாசிகளில் 7.5 விழுக்காட்டினரிடம் அதன் விளைவான பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் இருந்தன, ஆறாவது மாதத்தில் அது 0.6 விழுக்காடாகக் குறைந்தது. நீண்ட போர் நடக்கும் நாடுகளில் நிலைமை மோசம்: அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாக 2019இல் வெளியான கணிப்பு கூறுகிறது. அங்கும் ஐந்தில் நால்வருக்கு இல்லை. தூக்கம் வராதவர்களுக்கெல்லாம் தூக்க மாத்திரை கொடுப்பது நல்லது என்பதும் தவறு. அதிர்ச்சிக்குப் பிந்தைய முதல் மாதத்தில் அதற்காகப் பென்சோடயசபீன் வகை மாத்திரைகளைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2013இல் சொல்லிவிட்டது. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து சாப்பிட்டு வந்தவருக்கு அது ஒரு நாளும் நிற்கக் கூடாது. முகாம்களில் மறக்கப்படுகிறவர்கள் அவர்களே. குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடுவார்கள் என்பார்கள். மறக்காததால்தான் ஏழு வயதுப் பிள்ளை மறுபடி பாயை நனைக்கிறது. அதை அடிப்பது கொடுமை. வீடு கட்டிக் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது பாதி உண்மை. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின் தற்காலிக வீடுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். தெரிந்த முகமில்லாத இடத்தில் முதியவர்கள் தனிமையில் இறந்து, பல நாள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டார்கள். தெருவோடு, அக்கம்பக்கத்தோடு சேர்த்துக் குடியமர்த்துவதும் மனநலப் பணியே. தனிமனிதருக்கு மட்டுமன்றிக் குடும்பத்துக்கும் ஊருக்கும் சேர்த்தே வடு ஏற்படுகிறது என்பதை யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், வன்னி மக்களைப் பற்றி 2010இல் எழுதிய கட்டுரையில் விரிவாகக் காட்டியிருக்கிறார்.

மனநலத்தோடு தொடர்பில்லாததுபோல் தோன்றும் ஒரு நம்பிக்கை மட்டும் இன்னும் சற்று இடம் கேட்கிறது. பிணங்களை உடனே புதைக்காவிட்டால் கொள்ளைநோய் பரவும் என்ற பயம் அது. நீரில் மூழ்கியோ இடிபாட்டில் சிக்கியோ இறந்தவர்களின் உடல்கள் கொள்ளைநோயைக் கிளப்புவதில்லை. காலரா, எபோலா போன்றவற்றால் இறந்தவர்களின் கதைதான் வேறு. இந்தப் பயத்தால் 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிந்தைய நாள்களில், நாகப்பட்டினம் முதலாகப் பல கரைகளில் பொக்லைன் குழி தோண்ட, உடல்கள் ஒன்றாகப் போடப்பட்டன. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000க்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அதிகாரிகளின் பதற்றம் புரிகிறது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் குடும்பத்தார். உடலைக் காணாதவர் கருமாதி செய்வதா, காத்திருப்பதா? மனைவி பூவும் பொட்டும் வைப்பதா, கூடாதா? 2006இல் உலக சுகாதார நிறுவனமும் செஞ்சிலுவை அமைப்புகளும் சேர்ந்து வெளியிட்ட கையேடு இதற்கு எளிய வழி சொல்கிறது. ஒவ்வோர் உடலுக்கும் ஓர் எண். அந்த எண் தெரியும்படி முகத்தையும் உடைகளையும் புகைப்படம் எடுத்தல். ஒன்றன்மேல் ஒன்று போடாமல் ஒரே அடுக்காக, 1.5 மீட்டருக்குக் குறையாத ஆழத்தில் புதைத்தல். எந்த எண் எங்கே கிடக்கிறது என்று குறித்து வைத்தல். செல்போன் கேமராவும் அழியாத மையும் போதும். ஒவ்வொரு தாலுகா அலுவலகத்திலும், கடலோரக் காவல் நிலையத்திலும் இதற்கான படிவமும் பயிற்சி பெற்ற இருவரும் முன்கூட்டியே இருக்க வேண்டும். அலை வந்த பிறகு அனுப்பப்படும் நூறு ஆலோசகர்களைவிட இது அதிகம் உதவும்.

உடலும் இல்லை, செய்தியும் இல்லை என்னும் நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் தனி இலக்கணமே வகுத்தார்: இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாத இழப்பில் துக்கம் தொடங்கவும் முடியாது, முடியவும் முடியாது. இலங்கைப் போரில் காணாமலாக்கப்பட்டவர்களுக்காகக் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரி முதல் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மாரிடம் ‘போனவர் வரமாட்டார், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று சொல்வது உளவளத்துணை ஆகாது. இலங்கையில் காணாமற்போனோரின் குடும்பங்களிடம் பேசி, செஞ்சிலுவைப் பன்னாட்டுக் குழு 2016இல் வெளியிட்ட அறிக்கையில், அவர்கள் முதலில் கேட்டது பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்ற பதில். அந்தக் குழு நடத்திய துணைநிற்கும் திட்டத்தில் அந்தக் குடும்பங்கள் ஊரளவில் ஒன்றுகூடின. சட்டச் சிக்கல்களுக்கும் வருமானத்துக்கும் வழி காட்டப்பட்டது. நம்பிக்கையைக் கைவிடும்படி யாரையும் வற்புறுத்தவில்லை.