மணி ஏன் தும்முகிறது?

அடுப்பில் மிளகாய் வறுக்கிறோம். நெடி ஏறுகிறது. நாம் தும்முகிறோம். வாசலில் படுத்திருக்கும் மணியும் தும்முகிறது.

மணி நம் வீட்டு நாய். மோப்பம் பிடிக்க அது மண்ணை ஒட்டியே மூக்கை வைக்கும். தூசி உள்ளே போகும். அதை வெளியே தள்ளத்தான் தும்மல். கொசுவர்த்திப் புகை, ஊதுபத்திப் புகை, பீடிப் புகை எதுவும் நாய்க்கு ஆகாது. புகை நின்றால் தும்மலும் நிற்கும்.

விளையாடும்போதும் சில நாய்கள் தும்மும். அது நோய் அல்ல, குஷி!

ஆனால் எல்லாத் தும்மலையும் இப்படி விட்டுவிட முடியாது.

புல்வெளிக்குப் போய் வந்த நாய் திடீரென்று விடாமல் தும்முகிறதா? காலால் மூக்கைத் தேய்க்கிறதா? ஒரு பக்க மூக்கில் மட்டும் இரத்தம் கசிகிறதா? புல்லின் கூர்முனை உள்ளே குத்தியிருக்கலாம். மலைப் பகுதி என்றால், ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது அட்டை ஏறியிருக்கலாம். குச்சி விட்டுக் கிளறாதீர்கள். மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

வயதான நாய்க்கு மேல்பல்லின் வேரில் சீழ் பிடித்தாலும் தும்மல் வரும். பல்லுக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பது மெல்லிய எலும்புதான்.

குட்டி நாய் தும்மினால் கூடுதல் கவனம் தேவை. மூக்கிலும் கண்ணிலும் மஞ்சள் சளி வடிகிறது. காய்ச்சல் அடிக்கிறது. சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. இது டிஸ்டெம்பர் என்னும் நோயாக இருக்கலாம். முற்றினால் வலிப்பு வரும். பல குட்டிகள் பிழைப்பதில்லை. இது மனிதருக்கு ஒட்டாது. மற்ற நாய்களுக்கு வேகமாகப் பரவும். எனவே குட்டியைத் தனியாக வையுங்கள்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி. பிறகு 16 வாரம் ஆகும்வரை 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை. வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி வேறு. ஒன்றைப் போட்டால் மற்றதையும் போட்டதாக ஆகாது. இரண்டும் வேண்டும்.

நமக்கு வாங்கிய மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் அதன் ஈரலைக் கெடுக்கும். மூக்கில் தைலமும் தடவக் கூடாது. நாய் அதை நக்கிவிடும். தைலத்தில் உள்ள கற்பூரம் அதற்கு விஷம்.

கால்நடை மருந்தகத்துக்குப் போகுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இப்போதுதான் எழுதத் தெரியுமே!

தும்மல் தொடங்கிய நாள்: ............
சளி ஒரு பக்கமா, இரு பக்கமா: ............
சளியின் நிறம்: ............
கடைசியாக ஊசி போட்ட தேதி: ............