முகவரிக்குள் ஒரு கேள்வி

தீபாவளி வாழ்த்து மடலில் 'சிவகாசி – 626123' என்று எழுதுகிறோம். 1972 ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த இந்த ஆறிலக்க எண்ணில் முதலிலுள்ள 6 தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. 626 கடிதம் பிரிக்கப்படும் வட்டாரம். 123 பட்டுவாடா செய்யும் அஞ்சலகம். விருதுநகருக்கு 626001. உறையைப் பிரிக்காமலே கடிதம் எங்கே போகவேண்டும் என்பது தெரிந்துவிடுகிறது.

வலைத்தள முகவரியும் இவ்வாறே வேலை செய்கிறது. ஆஸ்திரியா நாட்டு ஆர்மின் ரோனாகர் 2010-இல் வெளியிட்ட 'ஃபிளாஸ்க்', பைத்தான் மொழியில் வலைத்தளம் அமைக்க உதவும் சிறிய கருவி. அதைக் கொண்டு எங்கள் வகுப்புத் தேர்வு மதிப்பெண்களுக்கு ஒரு நிரல் எழுதினேன். '/மதிப்பெண்/17' என்று முகவரி வந்தால், 17 என்பதைப் பிரித்தெடுத்து அந்த வரிசை எண்ணுக்குரிய பக்கத்தைக் காட்டும். அவ்விடம் முழு எண்ணுக்கே உரியது என்று குறித்துவிட்டால், யாராவது 'அப்பளம்' என்று எழுதினாலும் 404, அதாவது 'பக்கம் இல்லை' என்ற விடையுடன் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மற்றொரு முறையில் கேள்விக்குறிக்குப் பின் விவரங்கள் வரும்: '/கூட்டு?தமிழ்=40&கணிதம்=35'. இதில்தான் நான் ஏமாந்தேன். இவை எண்களாக வருவதில்லை, எழுத்துகளாகவே வருகின்றன. கூட்டச் சொன்னேன், 4035 என்று விடை வந்தது! எண்ணாக மாற்றும்படி சொன்ன பிறகே 75 கிடைத்தது. தமிழ்ச் சொற்கள் பயணம் செய்யும் விதமும் வேடிக்கையானது. 'சிவகாசி' என்னும் சொல் விழுக்காட்டுக் குறிகள் கலந்த 63 குறிகளாக நீண்டு போகும். ஃபிளாஸ்க் அதை மறுபடியும் சிவகாசியாக்கித் தந்துவிடும்.

எல்லாம் சரியாயிற்று என்று மகிழ்ந்திருந்தேன். ஒரு தோழி விளையாட்டாக 17-ஐ அழித்து 18 என்று தட்டினாள். அடுத்தவளின் மதிப்பெண்கள் திரையில் வந்து நின்றன. அவளும் அங்கேதான் இருந்தாள், கணிதத்தில் தேறவில்லை. அவள் முகம் வாடியதை இன்றும் மறக்க முடியவில்லை.

18 என்பதும் சரியான முழு எண்தானே! வந்திருப்பது எண்ணா என்று ஃபிளாஸ்க் பார்க்கும். கேட்பவள் யார், அவளுக்குக் காட்டலாமா என்பதை நிரல் எழுதுபவள்தான் பார்க்கவேண்டும். ஆகவே கடவுச்சொல் தந்து நுழைந்தவளின் வரிசை எண்ணையும் முகவரியிலுள்ள எண்ணையும் ஒப்பிடும் வரிகளைச் சேர்த்தேன். இப்போது 17-க்குரியவள் 18-ஐக் கேட்டால் 403, 'அனுமதி இல்லை' என்று வருகிறது. முதலில் சோதித்துப் பார்த்தவள் அந்தப் பதினெட்டாம் எண் தோழியேதான்.