அழற்சியும் மூல உயிரணுக்களும்

புனே மாவட்டத்துச் சிஞ்ச்வட், இயந்திரத் தொழிற்சாலைகள் மலிந்த ஊர். அங்கே கடைசல் பொறியில் பணிபுரியும் தொழிலாளி ஒருவரின் விரலை இரும்புச் சுருள் கீறிவிட்டதாகக் கொள்வோம். சிறிது நேரத்தில் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்கி, வலிக்கத் தொடங்கும். இந்நான்கு குறிகளையும் ரோமாபுரியின் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். இதுவே அழற்சி. கிருமிகளை எதிர்க்க வெள்ளணுக்கள் திரளும் தற்காப்பாதலின் இது நோயன்று. ஆனால் வேலை முடிந்தும் அவை கலையாவிடின், காவலுக்கு வந்த படையே ஊரைக் கொள்ளையிட்டது போலாகும். முடக்குவாதத்தில் மூட்டுகள் சிதைவது இவ்வாறே.

எலும்பு மஜ்ஜை, கொழுப்பு, தொப்புள்கொடி ஆகியவற்றில் ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்களுள் ஒரு வகை உண்டு. எலும்பாகவும் குருத்தெலும்பாகவும் மாறவல்ல இவை, சிதைந்த இடத்திற் குடியேறிப் புதுத் திசுவாகிவிடும் என்றே முதலில் நம்பப்பட்டது. சோதனைகள் வேறு விதமாகக் காட்டின. இரத்தக் குழாய் வழியே செலுத்தப்பட்டவற்றுட் பெரும்பாலானவை நுரையீரலிற் சிக்கிச் சில நாட்களில் மறைகின்றன. ஆயினும் அழற்சி தணிவதுண்டு. காரணம், அழற்சியிடத்தில் தோன்றும் இன்டர்பெரான் காமா முதலியன தூண்ட, இவை புரோஸ்டகிளாண்டின் போன்ற பொருள்களைச் சுரந்து, தாக்கும் வெள்ளணுக்களின் பெருக்கத்தை அடக்குகின்றன. விழுங்கணுக்களைப் பழுதுபார்க்கும் பணிக்குத் திருப்புகின்றன. இன்டர்லூகின்-3 என்னும் புரதம் இவ்வுயிரணுக்களின் இடப்பெயர்ச்சியை மிகுவிப்பதாகப் புனேயின் தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் மோகன் வாணி குழுவினர் 2017இல் வெளியிட்டனர்.

2004இல் சுவீடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. மஜ்ஜை மாற்றத்திற்குப் பின், கொடையாளியின் அணுக்களாலேயே குடலும் ஈரலும் தாக்குண்ட 9 வயதுச் சிறுவனுக்குத் தாயின் மூல உயிரணுக்கள் செலுத்தப்பட்டன, அவன் தேறினான். எனினும் பின்வந்த சோதனைகள் ஒருபோல அமையவில்லை. ஸ்டீராய்டுக்கு இணங்காத இந்நோயுற்ற குழந்தைகளுக்கான மருந்தொன்றை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. அதே மாதத்தில், குடல் அழற்சியால் விளையும் பௌத்திரத்திற்கு ஐரோப்பாவில் 2018 முதல் அனுமதி பெற்றிருந்த மருந்து, பெரிய சோதனையிற் பயன் காட்டாமையால் விலக்கப்பட்டது. முழங்கால் மூட்டுத் தேய்வுக்கான மருந்தொன்று இந்தியாவில் 2022இல் விற்பனைக்கு வந்தது.

முழங்கால் வலிக்கும் ஆட்டிசத்திற்கும் ஒரே ஊசி என்னும் விளம்பரத்தை நம்பி நிலத்தை அடகு வைக்க முனைவோர் கள ஊழியரிடமோ ஆசிரியரிடமோ யோசனை கேட்கக்கூடும். அனுமதிபெற்ற மருந்தா, பதிவுபெற்ற சோதனையா என்பதை முதலில் விசாரிக்கச் சொல்லுக. சோதனையெனில் பதிவு எண் இருக்கவேண்டும். சேர்வோரிடம் கட்டணம் பெறுவது முறையாகாது.